கல்லுக்குள் ஈரம்: களிப்பாறை எரிவாயுத் தேக்கங்களின் வரலாற்றைப் பாய்ம உட்பொதிவுகள்வழி அறிதல்

முன்னுரை

நிலத்தடியில் ஓர் எரிவாயுத் தேக்கம் இன்று எந்நிலையில் உள்ளது என்பதைத் துளையிட்டு அளந்துவிட முடியும். ஆனால் அவ்வெரிவாயு எப்போது உண்டானது, எவ்வளவு அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்தது, அதில் எவ்வளவு கசிந்து போயிற்று என்னும் வினாக்களுக்குத் துளைக்கிணறு நேரே விடை சொல்வதில்லை. அவ்விடையைத் தம்முள் வைத்திருப்பவை பாறையிலுள்ள கனிமப் படிகங்களே. அவை வளர்ந்தபோது தம்மைச் சூழ்ந்திருந்த நீரையும் வளியையும் நுண்துளிகளாகச் சிறைப்பிடித்துக் கொண்டன. கல்லுக்குள் ஈரம் என்று நாம் உருவகமாக வழங்கும் தொடர், நிலவியலில் அதன் நேர்ப்பொருளிலேயே உண்மையாகி நிற்கின்றது.

இந்நுண்துளிகளைக் கொண்டு களிப்பாறை எரிவாயுத் தேக்கங்களின் வரலாறு எவ்வாறு அறியப்படுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பாறைகளையும், நம்மில் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த காவிரிப் படுகையையும் இதனோடு இணைத்து நோக்குவோம். இவ்வறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. பெருமுதலீடுகளும் உழவர்தம் நிலமும் இதனோடு தொடர்புடையவை.

களிப்பாறை எரிவாயு

நீர்நிலைகளின் அடியில் நுண்சேறு படிந்து, மேன்மேலும் புதைந்து இறுகி, ஏடுகளாகப் பிளக்கும் இயல்புடைய பாறையாகின்றது. ஆங்கிலத்தில் ஷேல் எனப்படும் இதனை இக்கட்டுரையில் களிப்பாறை என்று வழங்குகின்றோம். சேற்றோடு சேர்ந்து புதையும் பாசி முதலியவற்றின் எச்சங்கள் வெப்பத்தால் சிதைந்து முதலில் எண்ணெயையும், வெப்பம் மிகும்போது எரிவாயுவையும் தருகின்றன. பூமியின் மேலோட்டில் ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடும்போது வெப்பம் பொதுவாக 25 முதல் 30 பாகை செல்சியசு வரை உயர்கின்றது. எண்ணெய் உருவாக ஏறத்தாழ 60 முதல் 150 பாகை வரையிலும், எரிவாயு மிகுதியாக உருவாக அதற்கு மேலும் வெப்பம் வேண்டும்.

உருவான எரிவாயுவில் ஒரு பகுதி மணற்கல் போன்ற துளைமிக்க பாறைகளுக்கு நகர்ந்து சேர்கின்றது. வழக்கமான எரிவாயுப் புலங்கள் இவ்வாறு அமைந்தவையே. நகர முடியாமல் பிறந்த பாறையிலேயே தங்கிவிட்டதே களிப்பாறை எரிவாயு. இப்பாறையில் வளி தானே பாய்வதற்கு வழியில்லை. ஆகவே கிடைமட்டமாகத் துளையிட்டு, நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசலுறச் செய்து அதனை வெளிக்கொணர்கின்றனர்.

இங்கு ஓர் அடிப்படைச் சிக்கல் எழுகின்றது. ஒரு களிப்பாறை எவ்வளவு எரிவாயுவை உண்டாக்கியிருக்கும் என்பதை அதிலுள்ள கரிமப்பொருளின் அளவையும் முதிர்ச்சியையும் கொண்டு ஓரளவு கணிக்கலாம். ஆனால் உண்டானதெல்லாம் இன்றும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. போலந்து நாடு இதற்குத் தக்க சான்றாகும். 2011ஆம் ஆண்டில் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிருவாகம் அந்நாட்டில் ஏறத்தாழ 5.3 இலட்சம் கோடி கன மீட்டர் எரிவாயுவை எடுக்கவியலும் என மதிப்பிட்டது. மறு ஆண்டே போலந்து நிலவியல் கழகம் அதனை 34,600 கோடி முதல் 76,800 கோடி கன மீட்டர் வரையென மிகவும் குறைத்தது. அங்குத் துளையிட்ட பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. எக்சான்மொபில் 2012இலும் செவ்ரான் 2015இலும் விலகின. உண்டானது எவ்வளவு என்பதோடு எஞ்சியது எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

பாய்ம உட்பொதிவு என்பது யாது?

நீர்மம், வளி ஆகிய இரண்டையும் சேர்த்துப் பாய்மம் என்பது இயற்பியல் வழக்கு. படிகம் வளரும்போது அதன் குறைகளிலும் இடுக்குகளிலும் சிக்கிக்கொண்ட பாய்மத் துளியைப் பாய்ம உட்பொதிவு என்று இக்கட்டுரை குறிக்கின்றது. இவற்றின் அளவு பெரும்பாலும் ஒரு மீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு முதல் இருபது பங்கு வரையே இருக்கும். தலைமயிரின் தடிப்பைவிடவும் சிறியவை இவை.

கல்லின் உள்ளிருக்கும் புள்ளியையும் மாசையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் நம் மரபிற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை நகரின் மணிக்கடைத் தெருவைக் கூறுமிடத்து, வயிரம் முதலிய மணிகளுக்குரிய குற்றங்கள் வகுத்துரைக்கப்படுகின்றன. மணி வணிகர்க்குக் குற்றமாகத் தோன்றும் உட்பொதிவே நிலவியலாளர்க்குக் கருவூலமாகின்றது.

இதனை அறிவியல் முறையாக்கியவர் இங்கிலாந்தின் செபீல்டு நகரத்தைச் சார்ந்த என்றி கிளிப்டன் சோர்பி ஆவார். 1858ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரை எளிய கருத்தொன்றை முன்வைத்தது. சூடான நீர் படிகத்தின் குழியை முழுவதும் நிரப்பி அடைபடுகின்றது. பின்னர்க் குளிரும்போது நீர் படிகத்தைவிட மிகுதியாகச் சுருங்குவதால் குழியில் வெற்றிடம் தோன்றி, அது நீராவி நிறைந்த குமிழாகின்றது. அவ்வாறாயின், கல்லை மீண்டும் சூடாக்கிக் குமிழ் மறையும் வெப்பநிலையைக் கண்டால், படிகம் வளர்ந்தபோதிருந்த வெப்பநிலையை நெருங்கிவிடலாம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்துறையின் அடித்தளம் இக்கருத்தேயாகும்.

களிப்பாறையின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றில் காணத்தக்க உட்பொதிவுகள் அரியன. ஆனால் அப்பாறையில் விரிசல்கள் தோன்றியபோது அவற்றுள் பாய்ந்த நீர் கால்சைட்டு எனப்படும் சுண்ணக் கனிமத்தையும் குவார்ட்சு எனப்படும் படிகக்கல்லையும் படிய வைத்தது. வெண்ணிற நரம்புகளாகக் காணப்படும் இவையே ஆய்வுக்குரிய இடமாகின்றன.

வெப்பமூட்டலும் உறைவித்தலும்

நரம்பிலிருந்து மெல்லிய வில்லை வெட்டி, இருபுறமும் மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ்ப் பொருத்திய சிறு மேடையில் வைக்கின்றனர். திரவ நைட்ரசனின் துணையால் கடுங்குளிருக்கும் மின்சூட்டால் பல நூறு பாகை வெப்பத்திற்கும் இம்மேடையைக் கொண்டு செல்லலாம்.

முதலாவதாக வெப்பமூட்டல். நீர் உட்பொதிவில் குமிழ் சுருங்கிச் சுருங்கி மறையும் வெப்பநிலையை ஒருமையாகும் வெப்பநிலை என்பர். படிகம் அடைபட்டபோதிருந்த வெப்பத்தின் குறைந்த எல்லை இது. நீர் அடைபட்ட வேளையில் மீத்தேன் வளியும் உடனிருந்து, நீர் அதனால் நிறைவுற்றிருந்தால், ஒருமையாகும் வெப்பநிலையும் அடைபட்ட வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றே. எரிவாயுத் தேக்கங்களில் இந்நிலை அடிக்கடி வாய்ப்பது ஆய்வாளர்க்குப் பெரும் நன்மையாகும்.

இரண்டாவதாக உறைவித்தல். உப்பு கலந்த நீர் சுழியப் பாகைக்குக் கீழேதான் உறையும் என்பது நாமறிந்ததே. உட்பொதிவை உறைய வைத்து மெல்லச் சூடாக்கி, கடைசிப் பனித்துணுக்கு உருகும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டால் உப்பின் அளவு தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, −5 பாகையில் பனி உருகி முடிந்தால் நீரில் ஏறத்தாழ 7.9 விழுக்காடு உப்பு உள்ளது. கடல்நீரின் உப்பு 3.5 விழுக்காடே என்பதை ஒப்பிட்டால், அந்நீர் பாறையினூடே நெடுநாள் தங்கி மாறியது என்பதை உணரலாம். மாறாக உப்பே இல்லாத நீர் காணப்பட்டால், மழைநீர் மேலிருந்து ஊடுருவியிருக்கக்கூடும் என ஐயுற வேண்டும். மழைநீர் இறங்க வழியிருந்த இடத்தில் எரிவாயு ஏறவும் வழியிருந்திருக்கும்.

எண்ணெய் அடங்கிய உட்பொதிவுகள் புற ஊதாக் கதிரில் ஒளிரும். பொதுவாகக் கனத்த எண்ணெய் மஞ்சளை நோக்கியும் இலேசான எண்ணெய் நீலத்தை நோக்கியும் ஒளிர்வதால், பாறை எண்ணெய்ப் பருவத்தைக் கடந்து வந்ததா என்பதும் இதனால் புலப்படும்.

மீத்தேனும் இராமன் விளைவும்

மீத்தேன் மட்டுமே அடங்கிய உட்பொதிவுகள் அறை வெப்பத்தில் குமிழின்றி இருண்ட புள்ளிகளாகத் தோன்றும். இவற்றை −100 பாகைக்கும் கீழே குளிர்வித்தால் நீர்மமும் வளியுமாகப் பிரியும். பின் சூடாக்கும்போது இரண்டும் மீண்டும் ஒன்றாகும். மீத்தேனின் மாறுநிலை வெப்பம் −82.6 பாகை. அதற்கு எவ்வளவு கீழே குமிழ் மறைந்து நீர்மமாக ஒன்றுபடுகின்றதோ, அவ்வளவுக்கு உள்ளிருக்கும் மீத்தேன் அடர்த்தி மிக்கது என்று கொள்ள வேண்டும்.

மிகச் சிறிய உட்பொதிவுகளில் இம்மாற்றங்களைக் கண்ணால் காண இயலாது. அங்கே துணை செய்வது, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவாகும். விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பைச் சார்ந்த கே. எஸ். கிருஷ்ணன் அவ்வாய்வில் அவருடன் உழைத்தவர். இராமனுக்கு 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒருநிற ஒளியைப் பொருளின்மீது செலுத்தினால், சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி அப்பொருளின் மூலக்கூறுக்கே உரிய அளவில் நிறம் மாறி வரும் என்பதே இவ்விளைவின் சாரம்.

இன்று சீரொளியை நுண்ணோக்கிவழி ஓர் உட்பொதிவின்மீது மட்டும் குவித்து, அதிலிருந்து சிதறும் ஒளியைப் பகுக்கின்றனர். குறைந்த அழுத்தத்தில் மீத்தேனின் முதன்மைக் கோடு சென்டிமீட்டருக்கு 2917 அலைகள் என்னும் இடத்தில் அமைகின்றது. அடர்த்தி கூடக்கூட அக்கோடு 2910ஐ நோக்கி நகர்கின்றது. இச்சிறு நகர்வை அளந்தே, கல்லை உடைக்காமல் உள்ளிருக்கும் வளியின் அடர்த்தியை அறிகின்றனர். நம் மண்ணில் பிறந்த அறிஞரின் கண்டுபிடிப்பு, பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட வளியை எடைபோடும் தராசாகியிருப்பது பெருமைக்குரியது.

அடர்த்தியிலிருந்து அழுத்தத்திற்கு

அடர்த்தியை அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். படிகக் குழியின் கொள்ளளவு மாறாதிருந்து, பாய்மமும் வெளியேறாதிருந்தால், வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளிருக்கும் பாய்மத்தின் அடர்த்தி மாறாது. ஆகவே இன்று அளக்கும் அடர்த்தியே அன்றைய அடர்த்தி. அன்றைய வெப்பநிலையை அருகிலுள்ள நீர் உட்பொதிவுகளால் அறிந்துகொண்டால், அவ்விரண்டையும் வைத்து அன்றைய அழுத்தத்தைக் கணக்கிடலாம்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். நீர் உட்பொதிவுகள் 200 பாகையில் ஒருமையாகின்றன. அவற்றுடன் சேர்ந்து அடைபட்ட மீத்தேனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.25 கிராம். இவ்வடர்த்தியுள்ள மீத்தேன் 200 பாகையில் ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல், அதாவது நாம் வாழும் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அழுத்தம் தரும். 200 பாகை என்பது ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஆழம். அவ்வாழத்தில் வெறும் நீர்த்தூணின் அழுத்தம் 60 மெகாபாஸ்கல் அளவே. எனவே பாறையில் இயல்பைவிட 1.7 மடங்கு அழுத்தம் இருந்திருக்கின்றது. எரிவாயு மிகுதியாக உண்டாகி, வெளியேற வழியின்றி அடைபட்டிருந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அப்பாறை பின்னர் மேலெழுந்து இன்று 2.5 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். அங்கே நீர்த்தூண் அழுத்தம் 25 மெகாபாஸ்கல். கிணற்றில் அளந்த அழுத்தம் 37 எனில், விகிதம் இன்னும் 1.5 அளவில் நிற்கின்றது. தேக்கத்தின் அடைப்பு பெரும்பாலும் காக்கப்பட்டுள்ளது எனலாம். அளந்தது 25 மட்டுமே எனில் எரிவாயுவின் பெரும்பகுதி கசிந்திருக்க வேண்டும். ஆனால் 100 மெகாபாஸ்கலிலிருந்து ஏற்பட்ட இறக்கம் முழுவதையும் கசிவாகக் கொள்வது பிழை. குளிர்வதாலும் பாறை விரிவதாலும் அழுத்தம் தானே குறையும். அக்குறைவைத் தனியே கணக்கிட்டுக் கழித்த பின்னரே எஞ்சிய வேறுபாட்டைக் கசிவு எனலாம்.

சீனாவின் சிச்சுவான் படுகையில் இம்முறை விரிவாகக் கையாளப்பட்டுள்ளது. அங்குள்ள உபெங், லாங்மாசி களிப்பாறைகள் ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தவை. அவற்றின் கால்சைட்டு, குவார்ட்சு நரம்புகளில் அடர்த்தி மிகுந்த மீத்தேன் உட்பொதிவுகள் காணப்பட்டன. 2012இல் கண்டறியப்பட்ட பூலிங் புலத்தில் இன்றும் அழுத்த விகிதம் ஏறத்தாழ 1.55 ஆகும். ஆயின், படுகையின் விளிம்புக்கு அப்பால் உள்ள பெங்சுயி பகுதியிலோ அழுத்தம் இயல்பு நிலையை ஒட்டியே உள்ளது. இரண்டும் ஒரே பாறை அடுக்கைச் சார்ந்தவை. பிற்காலத்தில் நிலம் மடிந்தும் பிளந்தும் மேலெழுந்த முறையில் ஏற்பட்ட வேறுபாடே ஒன்றில் எரிவாயுவைக் காத்தது, மற்றொன்றில் இழக்கச் செய்தது.

கவனிக்க வேண்டுவன

இம்முறைக்கு வரம்புகள் உண்டு. உட்பொதிவுகள் எல்லாம் படிகத்தோடு உடன்பிறந்தவை அல்ல. பின்னாளில் படிகம் விரிசலுற்று ஆறியபோது நுழைந்தவையும் உள. தாயோடு வந்ததையும் பின்னர்ப் புகுந்ததையும் பிரித்தறியாமல் அளந்த எண்ணால் பயனில்லை. எனவே ஒரே வளையத்திலோ ஒரே விரிசல் கோட்டிலோ அமைந்த உட்பொதிவுகளை ஒரு குழுவாகக் கொண்டு, அக்குழுவினுள் அளவுகள் ஒத்து வருகின்றனவா என்று பார்க்கின்றனர்.

மேலும் கால்சைட்டு மென்மையான கனிமம். உள்ளழுத்தம் மிகுந்தால் குழி விரிந்து பழைய அடர்த்தி அழிந்துவிடும். நீர் உறையும்போது விரிவதாலும் இவ்வாறு நேரலாம். ஆதலால் இத்தகைய கனிமங்களில் வெப்பமூட்டலை முதலிலும் உறைவித்தலைப் பின்னரும் செய்வது வழக்கம். மூன்றாவதாக, உட்பொதிவு வெப்பத்தையும் அழுத்தத்தையும் சொல்லுமேயன்றிக் காலத்தைத் தானே சொல்லாது. படுகை எப்போது எவ்வளவு புதைந்தது என்னும் கணிப்போடு ஒப்பிட்டோ, கால்சைட்டிலுள்ள யுரேனியம், ஈயம் ஆகியவற்றை அளந்தோ காலம் நிறுவப்படுகின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பாறைகள்

நம் காலடியிலுள்ள பாறைகளைக் கொண்டே இவ்வரலாற்றின் இரு முனைகளையும் காணலாம். ஷா ஆலம், கோலாலம்பூர் ஆகியவற்றின் பெரும்பகுதிக்கு அடியில் கென்னி ஹில் அமைவு எனப்படும் மணற்கல், களிப்பாறை அடுக்குகள் உள்ளன. இவை முப்பது கோடி ஆண்டளவு பழமையானவை. மடிப்புற்றுச் சூடேறி ஓரளவு உருமாறிவிட்ட இவை எரிவாயு நிலைக்கும் அப்பால் சென்றுவிட்டவை.

மறுமுனையில் ரவாங்கை அடுத்த பத்து ஆராங் உள்ளது. 1915 முதல் 1960 வரை அங்கு நிலக்கரி வெட்டப்பட்டது. சீனரோடு இந்தியத் தொழிலாளரும் உழைத்த அச்சுரங்கம் மலாயாவின் இரயில்களுக்கும் மின்நிலையத்திற்கும் எரிபொருள் தந்தது. அந்நிலக்கரியோடு எண்ணெய்க் களிப்பாறையும் அடுக்கடுக்காக உள்ளது. ஆனால் அப்பாறை ஆழப் புதையவில்லை. போதிய வெப்பம் பெறாமையால் அதன் கரிமப்பொருள் எண்ணெயாக மாறவேயில்லை. ஒன்று மிகையாக வெந்தது, மற்றொன்று வேகாதது. எரிவாயு தங்குவதற்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பக்குவமும், பின்னர்க் கசியாத காவலும் வேண்டும்.

கோம்பாக்கை அடுத்து, புக்கிட் தாபூர் என மலையேறுவோர் அறிந்த கிள்ளான் கேட்ஸ் குவார்ட்சுத் தொடரையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 14 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இவ்வெண்ணிற முகடு, பாறைப் பிளவில் சூடான நீர் படிய வைத்த குவார்ட்சால் ஆனது. களிப்பாறையில் மயிரிழைபோல் காணப்படும் நரம்பின் பேருருவே இது. வெந்நீர் பாறையைக் கடந்து சென்ற வழியை வெறுங்கண்ணால் காட்டும் பாடநூல் என்று இதனை மாணவர்க்கு அறிமுகப்படுத்தலாம்.

மலேசியா களிப்பாறை வகை எரிவாயுவோடு தொடர்பற்ற நாடும் அன்று. பெட்ரோனாஸ் நிறுவனம் 2012இல் கனடாவின் புரோகிரஸ் எனர்ஜி நிறுவனத்தை 500 கோடிக் கனடா டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மாண்ட்னி அடுக்குகளே அதன் முதன்மைச் சொத்து. வண்டற்கல்லும் களிப்பாறையும் கலந்த அவ்வடுக்குகளிலிருந்து வரும் எரிவாயு, பெட்ரோனாஸ் கால்பங்கு கொண்டுள்ள கனடா திரவ எரிவாயு முனையத்தின்வழி 2025ஆம் ஆண்டின் நடுவில் முதன்முதலாகக் கப்பலேறியது. தொலைவிலுள்ள ஒரு பாறையின் அழுத்த வரலாறு நம் நாட்டின் பொதுச்செல்வத்தோடு இணைந்துவிட்டது.

காவிரிப் படுகை

கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது உருவான படுகைகளுள் காவிரிப் படுகையும் ஒன்று. அதன் ஆழத்திலுள்ள ஆண்டிமடம் அமைவும் அதன் மேலுள்ள சாத்தப்பாடிக் களிப்பாறையும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் தாய்ப்பாறைகளாகக் கருதப்படுகின்றன. 2013இல் வெளியான அமெரிக்க மதிப்பீட்டில் காம்பே, கிருஷ்ணா-கோதாவரி, தாமோதர் ஆகியவற்றோடு காவிரியும் இந்தியாவின் களிப்பாறை எரிவாயுப் படுகைகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

இப்படுகைமீதே தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் நெல்வயல்கள் உள்ளன. அங்கு எழுந்த எதிர்ப்பைப் புரிந்துகொள்ள மூன்று வேறு பொருள்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. மன்னார்குடியில் 2010இல் ஒப்பந்தமானது நிலக்கரிப் படிவ மீத்தேன். 2017இல் நெடுவாசல் மக்கள் எதிர்த்தது முன்பே கண்டறியப்பட்ட சிறு எண்ணெய், எரிவாயுப் புலங்களுக்கான திட்டம். களிப்பாறை எரிவாயு இவ்விரண்டினின்றும் வேறானது. பொதுவழக்கில் மூன்றும் மீத்தேன் திட்டம் என்றே பேசப்பட்டன. பெயர் மயங்கினாலும், நீரும் நிலமும் கெடும் என்னும் உழவரின் அச்சத்தில் பொருளுண்டு. பாறையை விரிசலுறச் செய்யப் பெருமளவு நீர் வேண்டும் என்பதும், கழிவுநீரை அகற்றுவது எளிதன்று என்பதும் உலகறிந்தவை. 2020ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், புதிதாக எண்ணெய், நிலக்கரிப் படிவ மீத்தேன், களிப்பாறை எரிவாயு ஆகியவற்றைத் தேடித் துளையிடுவதை அம்மண்டலத்தில் தடை செய்தது.

இத்தகைய சூழலில் உட்பொதிவு ஆய்வுக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. இதற்குப் புதிய கிணறு வேண்டுவதில்லை. முன்னரே தோண்டிய எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எடுக்கப்பட்ட பாறைத் துண்டுகளிலுள்ள விரல்நகமளவு நரம்பே போதும். ஒரு படுகை தன் எரிவாயுவைக் காத்ததா, இழந்ததா என்பதை வயலில் கால் வைக்காமலே ஆராயலாம். ஆனால் எரிவாயு உள்ளது என்று கல் சொன்னாலும், அதனை எடுக்க வேண்டுமா என்பதைக் கல் சொல்லாது. அம்முடிவு அந்நிலத்தில் வாழ்வோரைச் சார்ந்தது. எவ்வளவு எஞ்சியுள்ளது என்ற தெளிவு அவர்களுக்கும் உரியது.

முடிவுரை

ஒரு துளி நீரின் குமிழ் மறையும் வெப்பநிலை, ஒரு பனித்துணுக்கு உருகும் புள்ளி, ஓர் ஒளிக்கோட்டின் சிறு நகர்வு ஆகிய மூன்றைக் கொண்டு, பல கோடி ஆண்டுகளாக நிகழ்ந்த புதைவையும் எழுச்சியையும் கசிவையும் மீட்டுரைக்க முடிகின்றது என்பதைக் கண்டோம். போலந்தில் நேர்ந்ததுபோல் மிகை மதிப்பீடுகள் பெருஞ்செலவிற்கும் ஏமாற்றத்திற்கும் இட்டுச் செல்லும்போது, இத்தகைய சிறு சான்றுகளின் மதிப்பு உயர்கின்றது.

இத்துறையைத் தமிழில் எடுத்துரைக்கக் களிப்பாறை, உட்பொதிவு, நரம்பு, ஒருமையாதல் முதலிய சொற்கள் தடையின்றிப் பயன்படுவதையும் இக்கட்டுரையில் கண்டோம். நெடுவாசலிலும் மன்னார்குடியிலும் பொருள் மயங்கியதற்குத் தெளிந்த தமிழ்ச்சொற்கள் மக்களைச் சென்றடையாமையும் ஒரு காரணமாகலாம். ஒரு நிலத்தின் எதிர்காலத்தைப் பற்றிய வாதம் எந்த மொழியில் நடைபெறுகின்றதோ, அம்மொழியிலேயே அதற்குரிய அறிவியலும் கிடைத்தல் வேண்டும். மலேசியத் தமிழ் மாணவருள் நிலவியலும் வேதிப் பொறியியலும் பயில்வோர் இப்பணியில் ஈடுபடுவது பெரிதும் வேண்டப்படுவதாகும்.